எங்கள் கடற்கரை ஊரில் நல்ல காற்று, பொதுப் பணத்தில் மின்சாரக் காற்றாடி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். காற்று அடிக்கிறது, சரி. எவ்வளவு என்று அளந்தீர்களா?

போன வாரம் இன்னொரு கடற்கரை ஊர். மீன் ஏலக்கூடத்து மொட்டைமாடியில் 2 கிலோவாட் காற்றாடி, தலைக்கட்டு வரி போட்டு வாங்கியது. இறக்கை சுற்றுகிறது, பேட்டரி ஏறவில்லை. "காத்து நல்லாத்தானே சார் அடிக்குது?" என்று ஊர்த் தலைவர் கேட்டார். இதே கேள்வியை எத்தனை ஊரில்தான் கேட்பது! எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, அளக்காமல் விற்றவர்கள்மேல்.

உடம்பில் படுகிற காற்று வேறு, கரண்ட் தருகிற காற்று வேறு. வேகம் பாதியானால் காற்றில் உள்ள ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 2 கிலோவாட், பெரும்பாலும் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிடைப்பது. அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொல்லுமே, கிட்டத்தட்ட அந்தக் காற்று! சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால் முகத்தில் சுகமாகப் படுவது விநாடிக்கு 4 மீட்டர். மூன்றில் ஒரு பங்கு வேகம், ஆனால் இருபத்தேழில் ஒரு பங்கு ஆற்றல். 2,000 வாட்டை 27-ஆல் வகுத்துப் பாருங்கள், 74 வாட். ஒரு சீலிங் ஃபேன் ஓடும். இறக்கை சுற்றுவதைப் பார்த்துக் கரண்ட் வருகிறது என்று நினைக்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது வந்து பார்த்துவிட்டு வருடம் முழுக்க இப்படித்தான் என்று கணக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். கச்சானுக்கும் வாடைக்கும் நடுவே காற்று செத்துக் கிடக்கும் வாரங்களை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அவர்களைக் கேளுங்கள். அப்புறம் சென்னை தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடத்தைப் பாருங்கள். அதிலும் நம்பிக்கை தெரிந்தால், காற்றாடி நிற்கப்போகிற அதே உயரத்தில் அளவுக்கருவி வைத்து ஒரு வருடம் அளந்து பாருங்கள்.

மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். கட்டடத்தில் மோதி வரும் காற்று சுழன்றுதான் வரும், பேரிங்கைத் தின்றுவிடும். சுற்றி 150 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் 9 மீட்டராவது உயரத்தில் இறக்கையின் கீழ்முனை இருக்க வேண்டும். தென்னை மரமும் இதில் சேர்த்தி, அது இன்னும் வளரும்.

பணம் திரட்டுகிற ஊர்களிடம் நான் முதலில் சொல்வது ஓடந்துறைக் கதை. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பஞ்சாயத்து. 2006-ல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக, 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். ஆனால் அதைத் தங்கள் ஊரில் நிறுத்தவில்லை. காற்று இருக்கிற மைவாடியில், உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுத்தினார்கள். அங்கே கிடைத்த கரண்டை மின்வாரியக் கம்பியில் ஏற்றி, ஊர்த் தேவைக்குப் போக மீதியை வாரியத்துக்கே விற்றார்கள். ஊருக்கு ஒன்றாகப் பத்துப் பொம்மைக் காற்றாடி வாங்குவதைவிட, பத்து ஊர் சேர்ந்து நல்ல இடத்தில் ஒரு நல்ல இயந்திரம் வாங்கலாமே.

கம்பி எட்டாத தீவு என்றால் கணக்கு வேறு. ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவு மக்கள் 2008-ல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு மின்வலை அமைத்தார்கள். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுப்பதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். காற்றை மட்டும் நம்பி எந்தத் தீவும் இறங்க வேண்டாம்.

உப்புக்காற்று இரும்பை அரிப்பதைப் பற்றிப் பாம்பன் பாலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். வாங்கும் பணத்திலேயே பராமரிப்புக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் கீழே சாய்த்துப் படுக்கவைக்கக்கூடிய கம்பமாகப் பாருங்கள். கஜாவைப் பார்த்த ஊர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

அந்த ஏலக்கூடத்துக் காற்றாடியை அடுத்த மாதம் இறக்குகிறோம். திடலில் கம்பம் நட்டு முதலில் அளவுக்கருவி மட்டும் வைக்கப்போகிறோம். ஒரு வருடம் பொறுக்க ஊர்க்கூட்டம் சம்மதித்திருக்கிறது.