ஸ்நாப்ஷாட் என்கிற நொடிப்படம்

நேற்று மாலை மதில்மேல் ஒரு பூனை. பழமொழியில் வருகிற அதே பூனைதான்; தாவலாமா வேண்டாமா என்று முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தது. நான் கைபேசியை எடுத்து, பூட்டைத் திறந்து, கேமராவைத் தேடி அமுக்குவதற்குள் அது முடிவெடுத்துவிட்டது. படத்தில் மிஞ்சியது மதிலும் வாலின் நுனியும். வீட்டில் காட்டினேன். "சும்மா ஒரு ஸ்நாப்தானே, விடு" என்று பதில் வந்தது. அந்தச் 'சும்மா ஒரு ஸ்நாப்' இரவு வரை மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு புழங்குகிற சொல், எங்கிருந்து வந்தது? தமிழில் அதை என்னவென்று சொல்வது?

ஸ்நாப்ஷாட் இரண்டு சொற்களின் ஒட்டு. 'ஸ்நாப்' என்பது டச்சு மொழியின் 'ஸ்நாப்பன்' என்ற வினைக்கு உறவு. வாயால் வெடுக்கென்று கவ்வுவது என்று பொருள். முகத்தருகே பறக்கும் ஈயை நாய் கவ்வப் பார்க்குமே, அந்தச் செயல். பிறகு குச்சி படக்கென்று முறிவதற்கும், விரலைச் சொடுக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் ஆகிவந்தது. 'ஷாட்' என்றால் சுடுதல். இரண்டும் சேர்ந்த சொல் முதலில் வேட்டைக்காரர்களிடம் இருந்தது. புதரிலிருந்து பறவை திடீரென்று எழும்பும்போது நின்று குறிபார்க்க ஏது நேரம்? துப்பாக்கியைத் தூக்கிய கையோடு சுட வேண்டியதுதான். அப்படிச் சுடுவதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்நாப்ஷாட் என்று சொன்னார்கள்.

அதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல். 'போட்டோகிராபி' என்ற சொல்லை 1839-இல் அறிவியல் உலகில் நிலைக்கவைத்ததும், நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 1860-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் படத்தைப் பிடித்துவிடுவது பற்றிப் பேசும்போது 'ஸ்நாப்ஷாட் மாதிரி' என்று உவமை சொன்னார். உவமை அப்புறம் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

அவர் எழுதிய காலத்தில் அது பெரும்பாலும் ஆசைதான். 1838-இல் போட்டோக்கலையின் முன்னோடி லூயி டகேர் பாரிஸ் நகரத்துச் சாலை ஒன்றை ஜன்னலிலிருந்து எடுத்த படம் புகழ்பெற்றது. பரபரப்பான சாலை அது, ஆனால் படத்தில் வண்டியும் இல்லை, கூட்டமும் இல்லை. தகட்டில் ஒளி படிய நிமிடக்கணக்கில் ஆனதால், நடந்துபோனவர்கள் யாரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அசையாமல் நின்றவருக்கே படத்தில் இடம் என்பதுதான் அன்றைய சட்டம். உருவப்படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவர்களின் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். அந்தக் காலப் படங்களில் யாருமே ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பவர்கள் ஒரு நிமிடம் சிரித்த முகத்தோடு கண்ணாடி முன் நின்று பார்க்கலாம்.

1871-இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர்தகடு பற்றி எழுதினார். அதைப் பலர் மேம்படுத்த, 1880 வாக்கில் வினாடியின் சிறு பங்கிலேயே படம் எடுக்க முடிந்தது. கேமரா முக்காலியிலிருந்து கைக்கு இறங்கியது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடாக் கேமரா 25 டாலர், 100 படங்களுக்கான சுருளோடு வந்தது. அதில் பார்த்துக் குறிவைக்கச் சாளரம்கூடக் கிடையாது. மேல்பக்கத்தில் இரண்டு கோடுகள் மட்டும். ஏறக்குறைய அந்தத் திசையில் பிடித்து அமுக்க வேண்டியதுதான். வேட்டைக்காரரின் சொல் இந்தப் பெட்டிக்கு அப்படியே பொருந்திப்போனதில் வியப்பில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் படத்தைச் சுடுகிறார்கள். நாம் பிடிக்கிறோம், இல்லையென்றால் எடுக்கிறோம். (பாம்பும் படம் எடுக்கும். 'சுட்ட படம்' என்றால் நம் ஊர்வழக்கில் கதையே வேறு.) ஆகவே 'ஷாட்' என்ற பாதியைச் 'சூடு' என்று பெயர்ப்பது வீண், 'படம்' போதும். போட்டோவுக்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று மூன்று பெயர்கள் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒளியால் எழுதுதல் என்ற கிரேக்கப் பொருளுக்கு ஒளிப்படமே நெருக்கம். அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். நமக்கு வேண்டியது 'ஸ்நாப்' என்ற பாதி.

'உடனடிப்படம்' சரிவராது, எடுத்த கையோடு கேமராவிலிருந்து காகிதமாக வெளியே வருகிறதே, அந்தப் படத்துக்குத்தான் அது பொருந்தும். 'திடீர்ப்படம்' கேட்கவே ஏதோ விபத்து மாதிரி இருக்கிறது. 'கணப்படம்' மோசமில்லை, ஆனால் கணம் என்றால் கூட்டம் என்றும் பொருள் உண்டு. குழுப்படமோ என்று தோன்றிவிடும். எனக்குப் பிடித்தது நொடிப்படம்.

நொடி என்பதை இன்று வினாடி என்ற பொருளில் எழுதுகிறோம். அதன் வேர்ப்பொருள் வேறு. நொடித்தல் என்றால் விரலைச் சொடுக்குதல். கட்டைவிரலும் நடுவிரலும் உரசித் தெறிக்கிற அந்தச் செயலும் நொடி, அதற்கு ஆகும் நேரமும் நொடி. 'ஸ்நாப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் விரல் சொடுக்கு ஒரு பொருள் என்று மேலே பார்த்தோம். இரண்டு மொழிகளும் தனித்தனி வழியில் வந்து ஒரே விரலில் சந்திக்கின்றன.

தொல்காப்பியம் எழுத்தின் மாத்திரையை அளக்கும்போது 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்கிறது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். ஒளியை உள்ளே விட்டு மூடுகிற கேமராவின் ஷட்டரும் ஓர் இமைதான் என்பதால், இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேமரா நினைவுதான் வருகிறது. இலக்கணக்காரர்கள் அதோடு விடவில்லை. ஒரு நொடியையே நான்காகப் பிரித்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: 'உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே.' சொடுக்க நினைப்பது கால் மாத்திரை. விரலை விரல்மேல் ஊன்றும்போது அரை. முறுக்கும்போது முக்கால். தெறிக்க விடும்போது ஒன்று.

படம் எடுக்கிறவர்கள் இதை மெதுவாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கேமராவின் பொத்தானைப் பாதி அமுக்கினால் குவியம் (ஃபோகஸ்) ஊன்றி நிற்கும், முழுதாக அமுக்கினால் படம் விழும். 'ஊன்றல் அரையே' என்பதற்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. விடுத்தலை எல்லாரும் செய்துவிடுகிறோம். ஊன்றலை இப்போது கருவியே பார்த்துக்கொள்கிறது. உன்னல் மட்டும் நம் பொறுப்பு. என் பூனை நழுவியது அங்கேதான். அது காலைத் தூக்கியபோதே நான் நினைத்திருக்க வேண்டும்; தாவியபோது நினைத்தேன்.

அளவிலும் இந்தச் சொல் ஏமாற்றவில்லை. 2021-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் விரல் சொடுக்கை அதிவேகக் கேமராவில் பதிந்து அளந்தார்கள். தெறிக்கும் அசைவு சுமார் 7 மில்லிவினாடியில் முடிந்துவிடுகிறது. கண்ணிமைக்கு 150 ஆகும். கேமராவில் வேகத்தை 1/125 வினாடி என்று வைத்தால் ஷட்டர் திறந்திருப்பது 8 மில்லிவினாடி. பகலில் சாதாரணமாக நடமாடும் மனிதர்களை எடுக்கக் கைப்பழக்கத்தில் பலர் வைக்கும் வேகம் அது. அதாவது விடுத்தல் என்ற அந்தக் கடைசிக் கால்பங்கும் ஷட்டரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். ஹெர்ஷல் கனவு கண்ட பத்தில் ஒரு பங்கு வினாடி, கண்ணிமைப் பக்கம் சேர்கிறது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் கைபேசி 1/30 வினாடியை விடவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஓடுகிற குழந்தை கலங்கிப்போவது அதனால்தான், கை நடுங்கியதால் அல்ல. ஜன்னல் பக்கம் வரவைத்து எடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

கைபேசி இந்த நான்கு பங்கில் ஒரு விளையாட்டும் செய்கிறது. பல கைபேசிகளில் கேமராவைத் திறந்த உடனேயே படங்கள் வரிசையாக நினைவகத்தில் சேர்ந்துகொண்டும் அழிந்துகொண்டும் இருக்கும். நாம் அமுக்கும்போது, அமுக்குவதற்குச் சற்று முன்னால் பதிந்ததை எடுத்துக் கொடுக்கும். விடுத்தலுக்கு முன்பே படம் எடுத்தாகிவிட்டது! கேமராவையே திறக்காதவனுக்கு அதுவும் உதவாது என்பது வேறு விஷயம்.

இனி அந்தச் 'சும்மா'. மெனக்கெட்டு எடுத்தால் போட்டோ, மெனக்கெடாமல் எடுத்தால் ஸ்நாப் என்றொரு தாழ்ச்சி இந்தச் சொல்லில் ஏறியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரான்ஸின் ழாக் ஆன்றி லார்டீக் சிறுவனாக இருந்தபோதே வீட்டாரைப் படம் எடுக்கத் தொடங்கியவர். படியிலிருந்து குதிப்பவர்கள், விளையாடுபவர்கள், ஓடும் கார்கள், எல்லாம் குடும்ப ஆல்பத்துக்காக எடுத்தவை. 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. அன்றாடப் படத்தின் சுகம் இப்படித்தான்: யாரும் நமக்காக நிற்கவில்லை. ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே கதவைப் பிடித்துக்கொள்கிறார், ஒருவர் கண்ணாடியைத் துடைக்கையில் வெறும் கண்ணைச் சுருக்குகிறார். 'கொஞ்சம் இப்படிப் பாருங்க' என்று சொன்ன மறுகணம் அது போய்விடும்.

புழக்கத்துக்குச் சில குறிப்புகள். 'ஒரு நொடிப்படம் எடுத்துக்கறேன்' என்று பேச்சிலும் நாவில் தடையில்லாமல் வருகிறது. கணினிக்காரர்கள் ஒரு வட்டின் அந்நேர நிலையை அப்படியே நகலெடுத்து வைப்பதையும் ஸ்நாப்ஷாட் என்பார்கள். அங்கே படம் ஏதும் இல்லாததால் 'நொடிப்பதிவு' என்று எழுதலாம். ஸ்க்ரீன்ஷாட்டை இதோடு குழப்ப வேண்டாம், அதற்குத் திரைப்பிடிப்பு இருக்கிறது. 'நொடித்தல்' என்று தனி வினையாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். 'நேற்று நிறைய நொடித்தேன்' என்றால், தொழில் நொடித்துப்போய்விட்டதோ என்று கேட்பவர் பதறிவிடுவார்.