சுழலும் கம்பியில் ஒரு ‘ட’

சைக்கிள் டியூப் வால்வின் மூடியாக மாட்டும் சின்ன விளக்கைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங். வண்டி அதிர்ந்தால் விளக்கு எரியும். இருட்டில் ஓட்டினால் சக்கரமே ஒளிவட்டமாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் அதை வைத்துக் கேட்டிருந்தார்: “வட்டம் வருகிறது, சரி. அதே சக்கரத்தில் என் பெயரை வரவைக்க முடியுமா?”

முடியும். ஒரு மாலை நேர வேலை என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வட்டம் ஏன் தெரிகிறது என்பதைக் கார்த்திகையில் மாவளி சுற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண் ஒரு காட்சியை உடனே விட்டுவிடுவதில்லை. 1765இல் பாட்ரிக் தார்சி என்பவர் எரியும் கரித்துண்டைச் சுழற்றி இதை அளந்தார். ஒரு சுற்று சுமார் 0.13 விநாடிக்குள் முடிந்தால் வட்டம் அறுபடாமல் தெரிகிறது என்று கண்டார். இருட்டுப் பார்வைக்கு உதவும் கோல் செல்கள் பகல் பார்வைக்கான கூம்புச் செல்களைவிட மந்தமானவை. நம் வேலைக்கு அந்த மந்தம் ஒரு வரம். தெருவிளக்கின் அடியில் சிமிட்டும் படம் இருட்டுச் சந்தில் நிலைத்து நிற்கும்.

இனிக் கணக்கு. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஓட்டினால் விநாடிக்கு இரண்டு சுற்று. ஒரே ஒரு எல்.இ.டி. பட்டையைக் கம்பிகளில் கட்டினால் படம் அரை விநாடிக்கு ஒருமுறைதான் வரும், போதாது. நான்கு பட்டைகளைக் கூட்டல் குறி போலக் கட்டினால் 0.125 விநாடிக்கு ஒரு படம். தார்சியின் எல்லைக்கு மயிரிழை இந்தப் பக்கம்!

பட்டைக்கு 30 விளக்குகள் என்று கொள்வோம். வட்டத்தை 3 பாகை வீதம் 120 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லின் நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்துவிடலாம். படத்தின் நீள அகலத்தை ஆரமும் கோணமுமாக மாற்றுவது பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்.

பட்டியல் கிடக்கட்டும். பட்டை இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்த இடம் இது. நேர்மையான பதில்: தெரியாது. ஒரு சுற்றில் ஒரே ஒரு கணம் மட்டும் தெரியும்.

சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு காந்தத்தை ஒட்டுகிறோம். சக்கரத்தில், காந்தத்தை உணரும் ஒரு ஹால் உணரியை வைக்கிறோம். மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் பாயும்போது குறுக்கே காந்தப்புலம் இருந்தால், மின்னோட்டத்துக்குக் குறுக்காக, தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றுகிறது என்று எட்வின் ஹால் 1879இல் கண்டார். அவர் கண்ட விளைவே இந்தக் கடுகளவு சில்லுக்குள் இருக்கிறது. காந்தத்தைக் கடக்கும் நொடியில் ஒரு துடிப்பு. அடுத்த துடிப்பு ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு. இடையில் உள்ள 360 பாகையும் கும்மிருட்டு.

அந்த இருட்டை ஊகத்தால் கடக்கிறது கருவி. சென்ற சுற்றுக்கு 500 மில்லிவிநாடி ஆனதா? இந்தச் சுற்றுக்கும் அவ்வளவே ஆகும் என்று வைத்துக்கொண்டு, அதை 120ஆல் வகுத்து, 4.17 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டு வீதம் காட்டிக்கொண்டே போகிறது. பிரேக் பிடித்ததால் இந்தச் சுற்று 600 ஆகிவிட்டால், சக்கரம் 300 பாகை போவதற்குள் ஒரு பட்டையின் படம் முடிந்துவிடும். மீதி 60 பாகைக்கு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். வேகம் கூடிச் சுற்று 400இல் முடிந்தால் 96 துண்டுகள் வந்திருக்கும். கடைசி 24 வெட்டுப்படும். காந்தம் வந்ததும் பழைய கணக்கைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதுக்கணக்கு. உண்மையில் சைக்கிளும் ஆளுமாகச் சேர்ந்த எடை அவ்வளவு சீக்கிரம் வேகம் மாறாது. அடுத்தடுத்த சுற்றுகள் அண்ணன் தம்பி போல ஒத்திருக்கும். நிலைமம் இல்லாவிட்டால் இந்த ஊகம் பலிக்காது.

எதிர்காலம் சொல்பவர்களில் நான் நம்புவது இந்தக் கருவியை மட்டுமே. அரை விநாடிக்கு ஒருமுறை காந்தம் வந்து அதன் தப்பைப் பிடிக்கிறது, அதுவும் திருத்திக்கொள்கிறது. ஜோசியர் வீட்டு வாசலில் அப்படியொரு காந்தத்தை நான் பார்த்ததில்லை.

விளக்கு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. இவை மங்கலான நிறத்தைக் காட்ட விட்டுவிட்டு எரிகின்றன. டபிள்யூஎஸ்2812 வகையின் பழைய மாதிரிகளில் இது விநாடிக்குச் சுமார் 400 முறை நடக்கும். மேசைமேல் போதும். ஆனால் அந்த 2.5 மில்லிவிநாடிக்குள் சக்கர விளிம்பு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால், மங்கல் கோடு புள்ளிக்கோடாக உடையும். ஏபிஏ102 வகை விநாடிக்குச் சுமார் 20,000 முறை சிமிட்டும். விலை கூடுதல், கோடு முழுசாக வரும். நான் காசு மிச்சம் பிடித்து முதல் வகையை வாங்கிக் கெட்டேன்.

பேட்டரியை அச்சை ஒட்டிக் கட்டுங்கள். 200 கிராம் பேட்டரி அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 15 கிலோமீட்டர் வேகத்திலேயே கிட்டத்தட்ட 1 கிலோ எடைபோல வெளியே இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. மோட்டார் சைக்கிளில் இதை முயலவே வேண்டாம்.

இதற்கெல்லாம் தேவை ஒரு சால்டரிங் இரும்பும், கெட்டுப்போனால் திட்டாத ஓர் ஆசிரியரும். நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் விலையுயர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் பிரிக்கப்படாமலே அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பிரித்தால் கணக்குக் காட்ட வேண்டுமாம். உடைந்த பொருளுக்கும் மானியத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி உங்கள் பெயர். ஆங்கில எழுத்து 5க்கு 7 புள்ளிக் கட்டத்தில் அடங்கிவிடும். ‘ஞ’வுக்கும் ‘ணு’வுக்கும் அது கோணிப்பையில் யானை. எழுத்துகளை விளிம்புப் பக்கமாக, மேல் அரைவட்டத்தில் மட்டும் வையுங்கள். இன்னொன்று: சக்கரத்துக்கு இரண்டு முகம். ஒருபுறம் வலஞ்சுழியாகத் தெரிவது மறுபுறம் இடஞ்சுழி. எனவே மறுபுற விளக்குகளுக்குப் பட்டியலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் சோதனைக்கு ‘ப’ போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அருமையாக வந்தது. மறுநாள் முழுப் பெயரையும் ஏற்றிக்கொண்டு தெருவில் போனால், ஒரு பக்கம் நின்றவர்களுக்கு எல்லாம் கண்ணாடி எழுத்து. ‘ப’வைக் கண்ணாடியில் பார்த்தாலும் ‘ப’தானே! நீங்கள் ‘ட’ போட்டுப் பாருங்கள்.