பஸ் ஏறினால் சம்பளம் ஏறுமா?

"அண்ணா, மூணு ஸ்டார் வந்துடுச்சு!" என்று பிஎச்டி மாணவி ஒருத்தி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியபோது, கோட்டூர்புரம் நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து முறைத்தார். உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு பெரிய வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்கிற எண் பி மதிப்பு. அது 0.001-க்குக் கீழே போனால் மென்பொருள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போடும். சமூக அறிவியலில் பிஎச்டி செய்கிறவர்களுக்கு அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பசிகூட எடுக்காது.

அவள் எடுத்துக்கொண்டது நல்ல கேள்வி. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில், சென்னையில் நாம் வெள்ளை போர்டு என்கிறோமே அதில், பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. இதனால் அவர்கள் வருமானம் கூடியதா? குடிசைப் பகுதி மக்களை மறுகுடியமர்த்திய கண்ணகி நகரிலிருந்து அடையாறு பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் கேட்கப் போகிறாள். போவதற்கு முன்னால் கை பழகட்டும் என்று 200 பெண்களின் கற்பனைத் தரவை நானே உருட்டிக் கொடுத்திருந்தேன். அதில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தேன். நட்சத்திரம் வந்துவிட்டது என்றால் பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.

பள்ளம் இதுதான். 200 பேரில் 100 பேர் வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது, 100 பேர் வீட்டில் இல்லை. குழந்தை உள்ளவர்களில் 25 பேர்தான் தினமும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குச் சராசரியாக மாதம் 6,500 ரூபாய், ஏறாத 75 பேருக்கு 6,000. குழந்தை இல்லாத வீடுகளில் 75 பேர் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்கு 11,500, ஏறாத 25 பேருக்கு 11,000. இரண்டு பக்கமும் பஸ்ஸால் கிடைக்கும் கூடுதல் 500 ரூபாய்தான், ஏனென்றால் நான் அப்படித்தான் உருட்டினேன்.

இப்போது குழந்தை விஷயத்தை மறந்துவிட்டு, ஏறுகிறவர் ஏறாதவர் என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். ஏறுகிற 100 பேரின் சராசரி 10,250. ஏறாத 100 பேரின் சராசரி 7,250. வித்தியாசம் 3,000! 500 எப்படி 3,000 ஆனது? மிச்ச 2,500 குழந்தையின் கணக்கு. குழந்தை இல்லாத வீட்டில் வருமானம் 5,000 அதிகம். பஸ் ஏறுகிறவர்களில் நான்கில் மூன்று பேர் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள், ஏறாதவர்களில் நான்கில் ஒருவர்தான். 0.75-க்கும் 0.25-க்கும் இடையே வித்தியாசம் 0.5. 5,000-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 2,500. விட்டுப்போன மாறி, அதாவது குழந்தை மாதிரி நாம் கணக்கில் சேர்க்காமல் விட்ட விஷயம், எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கான சூத்திரமே இவ்வளவுதான்: அந்த மாறி விளைவை எவ்வளவு அசைக்கிறது, நம் ஆட்களுக்கு நடுவே அது எவ்வளவு ஏறுமாறாக விழுந்திருக்கிறது, இரண்டையும் பெருக்கு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். தப்பு. அது தற்செயலைப் பற்றிய கதை. இங்கே தற்செயல் எதுவும் இல்லை. 200 பேருக்குப் பதில் 2 லட்சம் பேரிடம் கேட்டாலும் அதே 3,000-தான் வரும், நட்சத்திரம் மட்டும் இன்னும் பளிச்சென்று மின்னும். நட்சத்திரம் சொல்வது, இந்த எண் சும்மா குருட்டாம்போக்கில் வந்திருக்காது என்பதை மட்டும்தான். ஏன் வந்தது என்பது அதற்குத் தெரியாது.

சரி, குழந்தையையும் சேர்த்துப் போட்டால்? ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கிற ரெக்ரஷனில் இன்னொரு மாறியைச் சேர்ப்பதைக் 'கன்ட்ரோல் பண்றோம்' என்பார்கள், ஏதோ கடிவாளம் போடுகிற மாதிரி. உள்ளே நடப்பது ரொம்பச் சாதாரணக் கழித்தல். குழந்தை உள்ள வீடுகளில் பஸ் ஏறுகிறவர்களின் பங்கு 0.25. ஒருத்தி ஏறினால் அவள் கணக்கில் மிச்சம் 0.75, ஏறாவிட்டால் கழித்தல் 0.25. வருமானத்திலும் அப்படியே: அந்த வீடுகளின் சராசரி 6,125, ஆகவே ஏறுகிறவளுக்கு மிச்சம் 375, ஏறாதவளுக்குக் கழித்தல் 125. மற்ற வீடுகளுக்கும் இதே போலக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கும் மிச்சத்துக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டியதுதான். கோட்டின் சரிவு, அதாவது பஸ்ஸால் கிடைக்கும் கூடுதல், 500 வந்து நிற்கும். மாறிகள் இரண்டானாலும் இருபதானாலும் மென்பொருள் செய்வது இந்த வேலைதான். ஃபிரிஷ், வா என்ற இரண்டு பேர் 1933-லேயே இதை எழுதிக் காட்டிவிட்டார்கள். பன்மாறிப் புள்ளியியல் என்று பெயரைக் கேட்டே மிரளுகிறவர்களுக்கு நான் முதலில் இந்தக் கழித்தலைத்தான் ஒரு தாளில் போட்டுக் காட்டுவேன்.

500 வந்ததும் அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "அப்ப எல்லாத்தையும் உள்ள போட்டுடலாமே? வயசு, படிப்பு, எத்தனை வீட்ல வேலை, எல்லாம்." எல்லோரும் அடுத்ததாக விழுகிற பள்ளம் இது, முதல் பள்ளத்தைவிட ஆழம்.

எத்தனை வீட்டில் வேலை என்பதை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸுக்குக் காசில்லை என்றதும் ஒரு பெண் இரண்டாவதாக, கொஞ்சம் தூரத்தில், இன்னொரு வீட்டையும் பிடித்துக்கொள்கிறாள். வருமானம் கூடுவதே அந்த வழியாகத்தான். வீடுகளின் எண்ணிக்கையைக் கன்ட்ரோல் செய்தால் நாம் கேட்கிற கேள்வி, "இரண்டு வீட்டில் வேலை செய்கிற இரண்டு பெண்களில் பஸ் ஏறுகிறவளுக்குச் சம்பளம் அதிகமா?" என்று ஆகிவிடும். ஏன் அதிகமாக இருக்கப் போகிறது? 500 பூஜ்யமாகிவிடும். இலவசப் பயணத்தால் பலனில்லை என்று முடிவுரையும் எழுதிவிடலாம். கொடுமை என்னவென்றால் இப்படிச் செய்யும்போது, வருமானத்தின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவை மாறிகள் விளக்குகின்றன என்று சொல்கிற ஆர் ஸ்கொயர் சரசரவென ஏறும், மென்பொருள் உங்களைப் பாராட்டுகிற மாதிரியே இருக்கும்.

மூன்றாவது வகை இன்னும் விஷமம். சென்னையில் ஒரு நம்பிக்கை உண்டு: இடம் இடுக்காக, ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு இருக்கிற மெஸ்ஸில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும், ஏசி போட்டுப் பளபளவென்று இருந்தால் சாம்பார் தண்ணியாக இருக்கும். நானே மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இதை நம்பித்தான் கடை பிடிப்பேன். ஆனால் ஃபேனுக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம்? இடமும் மோசம் சாப்பாடும் மோசம் என்றால் அந்தக் கடை ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கியிருக்கும். நம் கண்ணில் படுவதெல்லாம் பிழைத்த கடைகள். பிழைத்தவற்றில் ஒன்று குறைந்தால் இன்னொன்று தூக்கிப் பிடித்தாக வேண்டும், அதனால் சம்பந்தமே இல்லாத இரண்டுக்கு நடுவே ஒரு எதிர்த்தொடர்பு முளைத்துவிடுகிறது. ஜோசப் பெர்க்சன் என்ற மருத்துவப் புள்ளியியலாளர் 1946-ல் ஆஸ்பத்திரி நோயாளிகளின் தரவை வைத்து இதே கண்ணியைக் காட்டினார். நம்மாள் நேர்காணலை பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருந்தாள், வசதியாக ஆள் கிடைப்பார்கள் என்று. அங்கே நிற்பதற்கே ஒரு காரணம் வேண்டும். வேலை இருக்க வேண்டும், அல்லது வேறு அவசரம். பிழைத்த கடைகளை மட்டும் ருசி பார்க்கிற கதைதான்.

ஆகவே எந்த மாறியை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதைத் தரவு சொல்லாது. குழந்தையும் வேலை வீடுகளின் எண்ணிக்கையும் எக்செல் தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நெடுவரிசைதான். ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது, இன்னொன்று பின்னால் நிற்கிறது என்பது கண்ணகி நகரில் பத்து நாள் சுற்றியவளுக்குத்தான் தெரியும். அதைத் தாளில் அம்புக்குறியாக வரைந்துவிட்டுத்தான் மென்பொருளைத் திறக்க வேண்டும். சிவால் ரைட் என்ற மரபியலாளர் 1920-லேயே கினிப் பன்றிகளின் நிறத்தைப் பற்றி எழுதும்போது இப்படி அம்பு வரைந்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஜூடியா பெர்ல் அதற்கு முறையான விதிகள் எழுதினார். 2011-ல் அவருக்குக் கணினி அறிவியலின் உயரிய விருதான டியூரிங் விருது கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு.

அம்பு வரைந்தும் தீராத சிக்கல் உண்டு. துணிச்சல், அண்டை வீட்டார் கொடுக்கிற தைரியம், குடிக்கிற கணவன், இதையெல்லாம் கேள்வித்தாளில் எப்படி அளப்பது? திட்டம் வருவதற்கு முன், வந்த பின் என்று அதே பெண்ணையே ஒப்பிட்டால் இவை அடிபட்டுப் போகுமே என்பாள். நல்ல யோசனை. ஆனால் இலவசப் பயணம் தொடங்கியது மே 8, கொரோனா இரண்டாம் அலைக்கான முழு ஊரடங்கு தொடங்கியது மே 10. இரண்டே நாள்! அந்த மாதம் வருமானம் என்ன ஆனது என்று வீட்டு வேலைக்காரப் பெண் யாரைக் கேட்டாலும் சொல்வார், பஸ்ஸைப் பற்றி அல்ல. ஆண்களின் வருமானத்தையும் எடுத்து, அவர்களுக்கு எவ்வளவு இறங்கியதோ அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு முறை இருக்கிறது, வித்தியாசத்தின் வித்தியாசம் என்று. அது செல்ல வேண்டுமானால் பஸ் திட்டமே இல்லாவிட்டாலும் இருவருக்கும் ஒரே மாதிரி இறங்கியிருக்க வேண்டும். "கொஞ்ச நாளைக்கு வராதேம்மா" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டது வீட்டு வேலைப் பெண்கள். அந்த அனுமானம் இங்கே நிற்காது என்பது என் கட்சி.

இதற்கெல்லாம் சுத்தமான மருந்து குலுக்கல். தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள்: 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, அவற்றில் எவற்றுக்குக் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். எந்த மையம் நல்ல மையம், எந்த ஊர் வசதியான ஊர் என்ற எந்த அம்பும் குலுக்கலுக்குள் நுழைய முடியாது. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது பணியாளர் கூடிய மையக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னே நின்றார்கள், உயரக் குறைவும் குறைந்திருந்தது. இதற்குப் பெரிய ரெக்ரஷனே வேண்டாம், இரண்டு சராசரியைக் கழித்தால் போதும்.

பஸ்ஸை அப்படிக் குலுக்கிப் போட முடியாது. ஆனால் சில சமயம் வேறு யாரோ, வேறு எதற்காகவோ, குலுக்கிப் போட்டிருப்பார்கள். 1854 காலராவின்போது தென் லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டன. லாம்பெத் கம்பெனி 1852-ல் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு இடம் மாறியிருந்தது, மற்றது நகரத்துச் சாக்கடை கலந்த தண்ணீரையே எடுத்தது. ஜான் ஸ்னோ கணக்கெடுத்தார்: 10,000 வீட்டுக்கு லாம்பெத்தில் 37 சாவு, மற்றதில் 315.

இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, குடியிருப்புல வீடு குலுக்கல்ல ஒதுக்கியிருந்தா, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து பிளாக் யாருக்கு, தூரத்து பிளாக் யாருக்குங்கறதும் குலுக்கல்தானே?" என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. ஒதுக்கீடு அப்படி நடந்திருந்தால், நிறுத்தத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதே அவளுடைய குலுக்கல் சீட்டு. ஒரே கவலை, வீடு கிடைத்தவர்களில் பலர் வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துப் பக்கமே போயிருப்பார்கள்; அப்படிப் போனவர்கள் தூரத்து பிளாக்கில்தான் அதிகம் என்றால் சீட்டு கலைந்துவிடும். கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் இப்போது புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறது: இந்த வீடு முதலில் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டதா, நீங்கள் எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறீர்கள்?