பிரேக் பிடிக்காத விரல்கள்

மதுரைக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் வைகைப் பாலத்தைத் தாண்டும்போது காதுக்குத் துண்டு தேடுவது, அவ்வளவுதான். குளிர் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குக் காட்டியது கொடைக்கானல் மலைச்சாலை. சைக்கிளில் ஏறும்போது வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தேன். இறங்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பெருமாள்மலை வருவதற்குள் விரல்கள் மரக்கட்டை. டீ குடித்துவிட்டு பர்ஸ் ஜிப்பைத் திறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கடைக்காரர்தான் திறந்து காசை எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அங்கே பனியும் இல்லை, உறைபனியும் இல்லை.

1988 ஜூன் 5. நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அன்று இத்தாலியின் ‘ஜிரோ’ சைக்கிள் பந்தயம் 2,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள காவியா கணவாயைக் கொட்டும் பனியில் கடந்தது. உச்சியை முதலில் தொட்டவர் யோஹான் வான் டெர் வெல்டே, அரைக்கைச் சட்டையோடு. இறக்கத்தில் தாங்க முடியாமல் ஒதுங்கி நின்றார். கடைசியில் 45 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிப் போனார்.

ஏற்றத்தில் தாக்குப்பிடித்தவர் இறக்கத்தில் ஏன் துவண்டார்? பெடலில் 300 வாட் கொடுக்க, உடல் சுமார் 1,200 வாட் எரிக்க வேண்டும். மிச்சம் 900 வாட்டும் வெறும் சூடு. வயிற்றில் அயர்ன்பாக்ஸைக் கட்டிக்கொண்டு மலையேறுகிற மாதிரி. இறக்கத்தில் மிதிக்க வேலை இல்லை, அயர்ன்பாக்ஸ் அணைந்துவிடும். அதே நேரத்தில் காற்று அடிக்கத் தொடங்கும். பூஜ்ய டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காய்ந்த தோலுக்கே மைனஸ் 9 டிகிரி போல உறைக்கும்.

நனைந்தால் கதை இன்னும் மோசம். துணி நம்மைக் காப்பாற்றுவதே அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றால்தான். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அது காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அப்புறம் மண்பானை வித்தை வேறு: மேலே கசியும் ஈரம் ஆவியாகும்போது, கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பது நமக்குச் சுகம். இங்கே பானை நாம்.

உடல் இதயத்தையும் மூளையையும் காக்க, கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நரம்புச் செய்தியும் மந்தமாகும். விரலை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்குக் கீழேதான் இருக்கின்றன; ஆகவே கையுறை மட்டும் போதாது, முன்கையும் சூடாக இருந்தால்தான் பிரேக் பிடிபடும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புத்தியும் தடுமாறும்.

1980-இல் பெல்ஜியத்தின் லியேஜ் சைக்கிள் பந்தயத்தில் பனியில் புறப்பட்ட 174 பேரில் 21 பேர்தான் எல்லையைத் தொட்டார்கள். ஜெயித்த பெர்னார் ஹினோவுக்கு விரல்களில் நிரந்தரப் பாதிப்பு. இதை வீரம் என்று கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2013-இல் இத்தாலியின் மிலான் சான் ரெமோ பந்தயத்தில் பனி கொட்டியதும் வீரர்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு பகுதியைத் தாண்டவிட்டார்கள், அதுதான் சரி.

பழைய பந்தயக்காரர்கள் இறங்கும் முன் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள். நெஞ்சில் காற்று படாது, தாள் மடிப்புகளில் காற்றும் தங்கும். அடுத்த முறை கொடைக்கானல் போனபோது, இறங்கும் முன் ஒரு டீக்கடையில், “அண்ணே, பழைய பேப்பர் ரெண்டு குடுங்க” என்றேன்.

“பஜ்ஜி எதுவும் வாங்கலையே தம்பி?” என்றார்.