கஸ்பா: பொருளும் வரலாறும் தமிழ்ச் சொல்லும்

வேலூரிலும் ஆம்பூரிலும் கஸ்பா என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் கஸ்பாபேட்டை இருக்கிறது. பழைய நில ஆவணங்களில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'கஸ்பா' என்று எழுதியிருப்பதையும் பார்க்கலாம். இந்தச் சொல்லுக்கு 'முஸ்லிம்கள் வாழும் பகுதி' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. கஸ்பா சமயத்தைச் சுட்டும் சொல் அல்ல. ஊரின் தகுதியைச் சுட்டும் வருவாய்த்துறைச் சொல். சந்தையும் கச்சேரியும் (அரசு அலுவலகம்) கொண்டு, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குத் தலைமையாக விளங்கும் ஊரே கஸ்பா.

மூலம் அரபு மொழி. அங்கே 'கஸப்' என்றால் நாணல். அதே வேரைச் சேர்ந்த 'கஸபா', கோட்டையையும் ஒரு வட்டாரத்தின் தலைமை ஊரையும் குறித்தது. பரவிய இடங்களில் ஒவ்வொரு பொருள் நிலைத்தது. ஸ்பெயினில் மாலகா, அல்மேரியா நகரங்களில் 'அல்காசாபா' என்பது கோட்டை. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் கோட்டையும் அதை ஒட்டிய பழைய நகரமும் சேர்ந்து கஸ்பா; 1992இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. துருக்கியிலோ 'கசபா' என்றால் வெறும் சிறுநகரம்தான். கோட்டை இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இச்சொல் பாரசீகத்தின் வழியே வந்தது. முகலாயர் ஆட்சியில் பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு பர்கானா; அதன் தலைமை ஊர் பெரும்பாலும் ஒரு கஸ்பா. வரி கட்டவும், வழக்குக்காகக் காஜியிடம் போகவும், விளைந்ததை விற்கவும் குடியானவர் அங்கேதான் வர வேண்டும். வட இந்தியாவின் பில்கிராம், அம்ரோஹா, காக்கோரி போன்றவை பெயர்பெற்ற கஸ்பாக்கள். 1925இல் புரட்சியாளர்கள் அரசுப் பணம் சென்ற ரயிலை மறித்த நிகழ்ச்சியால் நாம் அறிந்த அதே காக்கோரிதான். இன்றும் இந்தியில் 'கஸ்பா' என்றால் சிறுநகரம். புனேயின் மிகப் பழைய பகுதிக்குப் பெயர் கஸ்பா பேட். நம் கஸ்பாபேட்டையில் உள்ள அதே இரண்டு சொற்கள்!

தமிழில் தாசில்தார், ஜமாபந்தி, பிர்கா, பசலி ஆகியவை புகுந்த அதே வருவாய் நிர்வாக வழியில்தான் கஸ்பாவும் வந்தது. கூடவே 'மஜரா' என்ற சொல்லும் வந்தது. அதுவும் அரபுதான், பயிரிடும் இடம் என்பது மூலப்பொருள். நம் ஆவணங்களில் தாய்க்கிராமம் கஸ்பா, அதைச் சேர்ந்த குக்கிராமங்கள் மஜரா. ஆகவே ஆவணத்தில் வரும் கஸ்பா நகரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நூறு வீடுகள் உள்ள ஊரும் தன் மஜராக்களுக்குக் கஸ்பாதான்.

பிற்காலத்தில் ஜில்லா மாவட்டமாயிற்று, தாலுகா வட்டமாயிற்று, பிர்கா குறுவட்டமாயிற்று. கஸ்பாவுக்கு மட்டும் அப்படி ஒரு சொல் நிலைக்கவில்லை. கிரந்த எழுத்தை விலக்கிக் 'கசுபா' என்று எழுதுவது ஒலியை மாற்றுகிறதே தவிர, பொருளைத் தமிழாக்கவில்லை. பத்திரிகைகள் 'சிறுநகரம்' என்கின்றன. தவறில்லை, ஆனால் எனக்கு நிறைவில்லை. சிறுநகரம் என்பது பெருநகரத்தில் நின்றுகொண்டு அளக்கும் சொல். கஸ்பாவோ கிராமத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கும் ஊர். பட்டா மாற்றவும், விதை வாங்கவும், மாட்டை விற்கவும், மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்கவும் காலை பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸுக்குள் எல்லா வேலையும் முடித்துத் திரும்புகிறாரே, அவருக்கு அது பெரிய ஊர்.

அந்தப் பார்வைக்குப் பொருந்தும் சொல் நம்மிடமே இருக்கிறது: பேரூர். சங்கப் பாடல்கள் சிறிய ஊரைச் 'சீறூர்' என்றும் பெரிய ஊரைப் 'பேரூர்' என்றும் அழைக்கின்றன. கோயம்புத்தூர் அருகே பட்டீசுவரர் கோயில் கொண்ட பேரூர், அதையே பெயராகவும் தாங்கி நிற்கிறது. நிர்வாகத்திலும் இச்சொல் வாழ்கிறது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 490 பேரூராட்சிகளுக்கு அறிவிக்கப்பட்டது. சோழர் கால 'நகரம்' வணிகர் குழுமிய ஊரையும் அவர்களின் சபையையும் குறித்ததால் அதுவும் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் இன்று அச்சொல் சென்னை அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 'நகரம்' வேறு அளவுகோல். குறைந்தது 5,000 பேர், உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற மூன்றும் அமைந்தால் போதும். நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாத ஊரும் நகரமாகிவிடும். 2011இல் தமிழ்நாட்டில் இப்படி 376 ஊர்கள் இருந்தன. இவற்றைக் கஸ்பா என்று மொழிபெயர்ப்பதும், கஸ்பாவை இந்தக் கணக்கில் அடக்குவதும் பிழை. கஸ்பாவைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு அல்ல, சுற்றியுள்ள ஊர்கள் அதைச் சார்ந்திருப்பதுதான்.

ஆகவே இந்தியிலிருந்தோ உருதுவிலிருந்தோ மொழிபெயர்ப்பவர்கள் கஸ்பாவைப் பேரூர் என்று எழுதலாம். நில ஆவணத்தில் கஸ்பாவைத் தாய்க்கிராமம் என்றும் மஜராவைக் குக்கிராமம் என்றும் எழுதுவதே தெளிவு. பெயராகிவிட்ட இடங்களை மட்டும் தொட வேண்டாம். கஸ்பாபேட்டை கஸ்பாபேட்டையாகவே இருக்கட்டும்.