குளோன் போடுறதுக்கு முன்னாடி, வேணும்கிறத முதல்ல வெளிய எடுத்துருங்க

போன மாசம் ஒரு டீச்சரம்மா கடைக்கு வந்தாங்க. கையில ஒரு லேப்டாப், பிரிச்ச ஒரு 1 டிபி எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத டிஸ்க்) டப்பா, ராத்திரி முழுக்க தூங்காத முகம். "தம்பி, இடம் பத்தலன்னு பையன் இத வாங்கி, உள்ள இருக்கிறத அப்படியே புதுசுக்கு மாத்துறேன்னு நைட்டு போட்டு விட்டான், காலைல பாத்தா 61 பர்சன்ட்லயே நிக்குது, இப்ப பழசும் ஆன் ஆக மாட்டேங்குது"ன்னாங்க. பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்க கழட்டி வெளிய மாட்டி காதுகிட்ட வச்சேன். டிக், டிக், டிக், கொஞ்சம் நிறுத்தி மறுபடி டிக், டிக். உள்ள இருக்கிற ஹெட் படிக்க முடியாம திரும்பத் திரும்ப போய்ட்டு வர்ற சத்தம் அது. உடனே பவர எடுத்துட்டேன், ஏன்னா இந்த நிலமைல ஓட ஓட ஹெட் உள்ள சுத்துற தட்டக் கீறிடும், கீறிட்டா அந்த இடத்துல இருந்தது யாருக்கும் திரும்ப வராது.

உங்களுக்கு இதுல முக்கியமா என்னம்மா வேணும்னு கேட்டேன். 11 வருஷமா பத்தாம் வகுப்பு பசங்களுக்கு தமிழ்ல டைப் பண்ணி வச்ச கொஸ்டின் பேப்பர். எல்லாம் வேர்ட் ஃபைல்தான், நாலு ஜிபி தாண்டாதுன்னாங்க. அதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே ஆறல. ஒரு பென் டிரைவ்ல அடங்குற விஷயம், மொத்த டிஸ்க்கையும் ஒரே மூச்சுல நகத்தப் போயி அது மாட்டிக்கிச்சு. டிஸ்க் இப்ப ரிகவரி லேபுக்கு போயிருக்கு, தூசி இல்லாத ரூம்ல திறந்து வேற ஹெட் மாட்டிப் பாப்பாங்க, வரும்னு உறுதி கிடையாது, செலவும் அந்த லேப்டாப்போட இன்னிக்கு விலைய தாண்டும்.

குளோன்ங்கிறது என்னன்னு பாருங்க. பழைய டிஸ்க்ல இருக்கிறத அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறது, அதுக்காக டேட்டா இருக்கிற இடம் பூராத்தையும் மணிக்கணக்கா விடாம படிக்கிற வேலை. மெயில் பாக்க, பில் போடன்னு அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா ஓடிட்டிருந்த ஏழெட்டு வருஷத்து டிஸ்க்குக்கு, அதோட வாழ்க்கையிலயே பெரிய பளு அன்னிக்குத்தான் விழுது. "இடம் ஃபுல் ஆயிடுச்சு, அதான் ஸ்லோ, பெருசா மாத்திக் கொடுங்க"ன்னு வர்ற மிஷின்கள்ல நிறைய, ஸ்லோவுக்கு காரணம் இடம் இல்ல, டிஸ்க்கே சாகக் கிடக்குது. அது தெரியாம நேரா குளோன்ல போட்டா என்ன ஆகும்னு மேல சொன்னேன்.

அதனால முதல் வேலை ஹெல்த் பாக்குறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, போட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். குட்னு நீலத்துல வந்தாலும் அதோட விட்டுராதீங்க, கீழ லிஸ்ட்ல 05, சி5, சி6ன்னு மூணு வரி இருக்கும், அதப் பாருங்க. 05 ஏற்கனவே கெட்டுப்போய் மாத்து இடம் கொடுத்த செக்டார், அதாவது டேட்டா எழுதுற சின்ன சின்ன கட்டம், எத்தனைன்னு சொல்லும், சி5 படிக்க முடியாம நிலுவைல நிக்கிறது, சி6 திருத்தவே முடியாதது. மூணு வரிலயும் வலது ஓரத்துல ரா வேல்யூஸ்ங்கிற பத்தில முழு பூஜ்யமா இருந்தா நிம்மதி. அங்க வர்ற நம்பர் ஹெக்ஸ்ல, அதாவது பத்துக்குப் பதிலா பதினாறு பதினாறா எண்ணுற கணக்குல இருக்கும், 10னு தெரிஞ்சா அது பதினாறு. சி5ல எதாவது இருந்தா அன்னிக்கு குளோன் பேச்சே எடுக்காதீங்க. வேணும்கிற ஃபோல்டர மட்டும், அதுலயும் உயிரான ஃபைல முதல்ல, வெளிய காப்பி பண்ணிருங்க. மிச்சத்துக்கு லினக்ஸ்ல டிடி-ரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, அது நல்லா இருக்கிற இடத்தையெல்லாம் முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்கு கடைசியாத்தான் போகும், எங்க விட்டுச்சுன்னு ஒரு ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். சத்தம் கேட்டா எதுவுமே பண்ணாதீங்க, ஆஃப் பண்ணி எடுத்து வைங்க.

டிஸ்க் நல்லாவே இருந்தாலும் காப்பி எடுத்துட்டுத்தான் குளோன், என் கடைல இதுக்கு விலக்கே கிடையாது. எடுக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸோட நிறுத்திறாதீங்க. கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேரோட டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு உள்ள போய் பாத்து எடுங்க. அவுட்லுக் வச்சிருந்தா மெயில சேத்து வச்சிருக்கிற அந்த பிஎஸ்டி ஃபைல். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல் இருந்தா ஃபான்ட்டையும் சேத்து எடுங்க, இல்லன்னா வேற மிஷின்ல திறக்கும்போது தமிழுக்குப் பதிலா ஏபிசிடியும் கமாவும் அடைப்புக்குறியுமா கொட்டிக் கிடக்கும், ஃபைலே கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சவங்கள பாத்திருக்கேன்.

அடுத்தது பிட்லாக்கர், கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்க பூட்டி (என்கிரிப்ட் பண்ணி) வைக்கிற விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 போட்டு வர்ற புது லேப்டாப் நிறையாத்துல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணதுமே டிஸ்க் தானா என்கிரிப்ட் ஆயிரும், ஓனருக்கே தெரியாது. டிஸ்க்க மாத்திட்டு ஆன் பண்ணா 48 இலக்க ரிகவரி கீ கேக்கும். அந்த கீ அந்த அக்கவுன்ட்ல இருக்கும், ஆனா வாங்கின அன்னிக்கு கடைல யாரோ ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருப்பாங்க, பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மிஷின் நல்லா ஓடிட்டிருக்கும்போதே கீய எடுத்து பேப்பர்ல எழுதி வைங்க, செட்டிங்ஸ்ல போயி என்கிரிப்ஷன ஆஃப் பண்ணி அது முழுசா முடியுற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் ஆரம்பிங்க.

புது டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பர வச்சு எது பொருந்தும்னு பாத்துக்குங்க. எம்.2ங்கிற சின்ன பட்டை மாதிரி எஸ்எஸ்டில சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு வகை, பாக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், ஒண்ணு போடுற இடத்துல இன்னொண்ணு வேலை செய்யணும்னு இல்ல.

இப்ப குளோன். இதுல ஒரே ஒரு இடத்துலதான் கை நடுங்கணும், எதுல இருந்து எதுக்குன்னு செலக்ட் பண்ற இடம். தொழிலுக்கு வந்த ரெண்டாவது வருஷம் நானே மாத்திப் போட்டிருக்கேன். ரெண்டும் ஒரே கம்பெனி டிஸ்க், ரெண்டும் 500 ஜிபி, டிஸ்க் 0, டிஸ்க் 1னு மட்டும் பாத்து ஓகே கொடுத்தேன், காலி டிஸ்க் போயி ஒரு குடும்பத்தோட கல்யாண போட்டோ மேல உக்காந்துச்சு. அவங்க வீட்டுக்கே போய் சொன்னேன், அந்த அண்ணன் திட்டக்கூட இல்ல, அவர் முகம் இன்னிக்கும் கண்ணுல நிக்குது. அன்னிலேர்ந்து பழைய டிஸ்க்க கழட்டினதும் மேல மஞ்ச டேப் ஒட்டி, சீரியல் நம்பரோட கடைசி நாலு இலக்கத்த பேனால எழுதிருவேன், ஸ்கிரீன்ல அதே நம்பர் சோர்ஸ் பக்கம் நிக்கிறத விரல் வச்சுப் பாத்துட்டுத்தான் ஸ்டார்ட்.

சார்ஜர் மாட்டியிருக்கணும், ஸ்லீப்ப நெவர்ல வைங்க, இபி மாசாந்திர பராமரிப்புன்னு கரன்ட் எடுக்கிற நாள்ல ஆரம்பிக்காதீங்க. யுஎஸ்பி 3 போர்ட்ல மாட்டுங்க, பழைய 2ல மாட்டினா 500 ஜிபிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல இழுக்கும்.

முடிஞ்சதும் ஷட் டவுன் பண்ணி, பழச கழட்டிட்டு, புதுச மட்டும் வச்சு முதல் தடவ ஆன் பண்ணுங்க. ரெண்டுக்கும் அடையாள எண் ஒண்ணா இருக்கும், சேந்து மாட்டினா விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன்ல தள்ளிரும், இல்ல பழசுல இருந்தே பூட் ஆகி நீங்க புதுசுன்னு நினைச்சு ஓட்டிட்டிருப்பீங்க. சி டிரைவ் இன்னும் பழைய சைஸ்லயே இருந்தா பயப்படாதீங்க, நடுவுல விண்டோஸ் ரிப்பேருக்குன்னு ஒதுக்கின ரிகவரி பார்ட்டிஷன் உக்காந்திருக்கும், அத அழிக்காம கடைசிக்கு நகத்துற சாஃப்ட்வேர் இருக்கு. 1 டிபின்னு வாங்கினது 931ன்னு காட்டுறதும் ஏமாத்து இல்ல, கம்பெனி ஆயிரத்தால கணக்கு போடுறாங்க, விண்டோஸ் 1024ஆல போடுது.

பழைய டிஸ்க்க ஒரு மாசத்துக்கு ஃபார்மட் பண்ணாம தேதி எழுதி பீரோல வைங்க. எதோ ஒண்ணு காணோம்னு தெரிய வர்றது பெரும்பாலும் சில வாரம் கழிச்சு, மாசக் கடைசில கணக்கு முடிக்கும்போதுதான். அதுக்கப்புறம் விக்கிறதா இருந்தா குயிக் ஃபார்மட் போட்டுட்டு கொடுத்துறாதீங்க, அதுல டேட்டா அப்படியே இருக்கும், யார் வேணா திரும்ப எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க்னா குயிக்ங்கிற டிக்க எடுத்துட்டு முழு ஃபார்மட் போடுங்க, நேரம் ஆகும், ஆனா மேல பூஜ்யம் எழுதிட்டுத்தான் வரும்.