ஹம்மஸ்: நம்ம ஊர்ச் சொல்லில் கொண்டைக்கடலைக் கடைசல்

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் போன வாரம் தருமபுரிக்கு ஒரு டப்பாவோடு வந்தாள். "சித்தி, இது ஹம்மஸ். ரொட்டிக்குத் தொட்டுக்கலாம்" என்றாள். என் அம்மா விரலில் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடலைய வேகவெச்சுக் கடைஞ்சிருக்காங்க. எள்ளு வாசம் வருது" என்றார். அவர் சொன்ன அந்தக் 'கடைஞ்சிருக்காங்க'வில்தான் இதற்கான தமிழ் இருக்கிறது.

அரபியில் 'ஹும்முஸ்' என்றாலே கொண்டைக்கடலை. பண்டத்தின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹீனா', அதாவது தஹீனா சேர்த்த கொண்டைக்கடலை. தஹீனா என்பது அரைத்தலைக் குறிக்கும் அரபு வேரில் பிறந்த சொல். எள் விழுதுதான் அது. நாளடைவில் பின்பாதி உதிர்ந்து, கடலையின் பெயரே பண்டத்துக்கும் நின்றுவிட்டது. 13ஆம் நூற்றாண்டு அரபுச் சமையல் நூல்களிலேயே மசித்த கொண்டைக்கடலை உண்டு. இன்று லெபனான், சிரியா, பாலஸ்தீனம், இஸ்ரேல் எல்லாம் இதைத் தங்கள் வீட்டுச் சாப்பாடு என்கின்றன. 2010இல் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ ஹம்மஸ் செய்து சாதனை படைத்தார்கள். அந்த நாட்டின் பரப்பும் 10,452 சதுர கிலோமீட்டர்!

நம் பக்கம் 'கடலை' என்ற சொல்லும் இடம் மாறியிருக்கிறது. காரிமங்கலம் சந்தையில் கடலை என்று கேட்டால் வேர்க்கடலையைத்தான் அளந்து போடுவார்கள். ஆனால் வேர்க்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். பழைய கடலை கொண்டைக்கடலைதான். கடலைப் பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை மூன்றும் இன்னும் அதையே குறிக்கின்றன. மூக்கு நீட்டிய அதன் உருவத்தைப் பார்த்து நாம் கொண்டை என்றோம். அதன் தாவரவியல் பெயரான 'சைசர் அரிட்டினம்' என்பதில் பின்சொல்லுக்கு, ஆட்டுக்கிடாயைப் போன்றது என்று பொருள். அப்படிப் பெயர் வைத்தவர்கள் கண்ணுக்கு அது கிடாயின் தலையாகத் தெரிந்திருக்கிறது.

சரி, பண்டத்துக்கு என்ன பெயர்? துவையல் என்கிறார்கள் சிலர். துவையல் பெரும்பாலும் வதக்கியோ வறுத்தோ அரைப்பது. இது வேகவைத்து மசிப்பது. மசியல் பொருந்தும், குற்றமில்லை. ஆனால் களிக்குக் கீரைக் கடைசலும் கொள்ளுக் கடைசலும் ஊற்றிச் சாப்பிட்ட எங்கள் வாய்க்குக் கடைசல்தான் முதலில் வருகிறது. கரை என்பதிலிருந்து கரைசல் வருவதுபோல, கடை என்பதிலிருந்து கடைசல். லேத் பட்டறையில் மரத்தையோ இரும்பையோ சுழற்றிச் செதுக்குவதும் கடைசல் வேலைதான். எங்கள் ஆயா, உள்ளே வரிவரியாகக் கோடு கீறிய மண்சட்டியை இரண்டு பாதங்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, மத்தை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவார். பருப்பு அந்தக் கோடுகளில் உரசி உரசி வெண்ணெயாகும். சுழற்சிதான் இரண்டுக்கும் பொது.

அரபி பொருளை வைத்துப் பெயரிட்டது. தமிழோ பொரியல், அவியல், சுண்டல், வறுவல் என்று செய்யும் தொழிலையே பண்டத்துக்குப் பெயராக்கும். இலக்கணத்தில் இதைத் தொழிலாகுபெயர் என்பார்கள். ஆகவே 'கொண்டைக்கடலைக் கடைசல்' என்று சொன்னாலே எதில் செய்தது, எப்படிச் செய்தது என்று இரண்டும் தெரிந்துவிடுகிறது. எள் சேர்வதையும் சொல்ல வேண்டுமென்றால் 'எள்ளுக்கடலைக் கடைசல்' எனலாம். மெக்சிகோவில் பீன்ஸை வேகவைத்து மசித்துக் கொழுப்பில் வதக்கும் 'ஃபிரிஹோலெஸ் ரெஃபிரிதோஸ்' கூட இந்தக் கடைசல் குடும்பம்தான்.

டப்பா காலியானதும் வீட்டிலேயே செய்தோம். கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடாவோடு குக்கரில் குழைய வேகவைத்தோம். சோடா தோலை இளக்கிவிடும். மூன்று கரண்டி வெள்ளை எள்ளைச் சிவக்காமல் வறுத்து விழுதாக அரைத்தோம். அப்புறம் ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு. சூடு ஆறுவதற்குள் கடைய வேண்டும், ஆறினால் திப்பி திப்பியாக நிற்கும். எண்ணெய்க்கு ஆலிவ் தேடவில்லை, செக்கு நல்லெண்ணெயே ஊற்றினோம்.

ஹம்மஸுக்குத் துணையான பீட்டா ரொட்டி கிடைக்கவில்லை. அம்மா ராகி ரொட்டி தட்டினார். அக்கா மகள் நான்கு சாப்பிட்டுவிட்டு, மீதிக் கடைசலைத் தூக்கில் கட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினாள்.